இரண்டு அங்குலத்துக்குள்

உறைந்த ஏரியின்மேல், மீன்பிடிக் கொட்டகைக்குள்
டேகர்ட் சாசேஜ் அறுத்த மடக்குக் கத்தி
மூடும்போது பேசியது.
டக்.
அவ்வளவுதான்.
சொன்னதைச் செய்பவன் வாய் மூடுவதுபோல.

யார் செய்தது, என்றேன்.
சொல்ல மாட்டேன், வரிசை நீண்டுவிடும், என்றான்.
அவன் தூண்டிலைப் பார்க்கப் போன நேரம்
கண்ணாடியைக் கழற்றி அலகின் அடியில் பிடித்தேன்.
அரிசியளவு ஒரு மரங்கொத்தி.
அதன் காலடியில் ஊர்ப்பெயர்,
ஆர்கன்சாவில் எங்கோ.

'மரங்கொத்தி முத்திரை வைப்பவருக்கு'
என்று மட்டும் உறையில் எழுதிப் போட்டேன்.
போய்ச் சேர்ந்துவிட்டது.

பதில் பென்சிலில் வந்தது. லவோன் ஸ்டக்கி:
'பதினான்கு மாதம் ஆகும்.
முன்பணம் வாங்குவதில்லை,
இடையில் நான் செத்தால் யார் திருப்பித் தருவது?
தாளில் கையை வைத்து வரைந்து அனுப்பு.
ஒரு நாளில் எதையெல்லாம் அறுக்கிறாய் என்று எழுது.'

டுலூத்தில் பள்ளிப் பேருந்துகளுக்கு
நேர அட்டவணை போடுகிறவன் நான்.
எழுதினேன்:
படகுக் கயிறு. மான்தோல்.
வில்லோக் கிளை. ஈரக் கித்தான்.
எழுத எழுதத் தோள் அகன்றதுபோல் இருந்தது.

'ஆர்விட்,
கட்டைவிரல் இடப்பக்கம் இருக்கிறது,
ஆகவே நீ வரைந்தது வலது கையை.
அப்படியானால் பென்சிலைப் பிடித்தது இடது.
இதை நீ சொல்லவில்லை.
கயிறு இழுத்த விரலின் கணுவில்
பென்சில் இடறியிருக்கும்.
உன் கோடு வெண்ணெயில் போவதுபோல் போயிருக்கிறது.
மானை நேரில் பார்த்திருக்கிறாயா?
பொய்க்கு அலகு அடிக்க எனக்குத் தெரியாது.
மறுபடி எழுது.'

மூன்று வாரம் எழுதவில்லை.
கோபம்தான். பிறகு வெட்கம்.
பிறகு எழுதினேன்:

ஆம், இடது கை.
இதுவரை வாங்கிய கத்திகளிலெல்லாம்
நகப்பள்ளம் வேறு யாருக்கோ இருந்தது.
அறுப்பது,
புதுச் சட்டையின் விலைச்சீட்டு,
மின்கட்டண உறை,
ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பேரிக்காய்.
பேரிக்காய் என் தம்பி ஹால்வருக்கு.
அவன் இருக்கும் இல்லத்தில்
அலகு இரண்டு அங்குலத்தைத் தாண்டக் கூடாது,
கூர்முனை கூடாது.
வாசலில் இருக்கும் பெண் ஸ்கேல் வைத்திருக்கிறாள்.
அவர்கள் தரும் பிளாஸ்டிக் கத்தி
அறுப்பதில்லை, நசுக்குகிறது.
நசுங்கியதைக் கண்டால் தட்டைத் தள்ளிவிடுவான்.
பேச்சு நின்று ஆறு வருடமாகிறது,
தள்ளுவது மட்டும்தான் பாக்கி.

'சரி' என்று ஒரு அஞ்சலட்டை வந்தது.
அப்புறம் ஒன்றுமில்லை.
இரண்டு முறை பேருந்துகளுக்குக் குளிர்கால டயர் மாற்றினார்கள்.

ஓட்ஸ் டப்பாவுக்குள் வைக்கோல் சுற்றி வந்தது.
அலகு ஒன்றேமுக்கால் அங்குலம்.
முனை ஆட்டுக் குளம்புபோல் மழுங்கிக் கீழிறங்கியது.
இருபுறமும் தேநீர் நிறத்தில்
கொத்திக் கொத்தி வரியிட்ட மாட்டெலும்பு.
நகப்பள்ளம்
என் பெருவிரலுக்காகப் பக்கம் மாறியிருந்தது.
நானூற்றுப் பத்து டாலர் என்றது துண்டுச்சீட்டு,
டேகர்ட்டிடம் சொல்லவில்லை.
பின்புறம்: 'கார்பன் எஃகு. பழச்சாறு பட்டால் நிறம் மாறும்.
துடைத்து வை. பயப்படாதே.'

வாசலில் அந்தப் பெண் ஸ்கேலை வைத்தாள்.
தலையசைத்தாள்.
பிறகும் கொடுக்காமல்
திறந்தாள், மூடினாள்,
இன்னொரு தரம் திறந்து மூடினாள்.
'எங்கே வாங்கினீர்கள்?'
வரிசை நீண்டுவிடும், என்றேன்.

பேரிக்காய் நான்கு துண்டாய் விழுந்தது,
ஓரம் கலையாமல்.
ஹால்வர் தட்டைத் தள்ளவில்லை.
பார்க்கவுமில்லை.
துடைத்து மூடினேன்.
டக்.

அவன் ஒரு விரலைத் தூக்கினான்.

திறந்தேன். மூடினேன்.
விரல் தூக்கினான்.
அப்படியே மதியச் சாப்பாட்டு மணி அடிக்கும்வரை.
தட்டில் நான்கு துண்டும் பழுப்பேறிப் போயின.
சரியாகத் துடைக்கவில்லைபோல,
அலகின் வயிற்றில்
புறாக் கழுத்துபோல் ஒரு நீலம்
பிடிக்கத் தொடங்கியிருந்தது.